பதினோரு கேள்விக்குறி

முதல் செய்தி: "வேலை செய்யலை."
அவ்வளவுதான்.
கூடவே ஒரு படம்:
லேப்டாப் திரையைக் கைபேசியில்
சாய்வாகப் பிடித்தது. பாதித் திரையில்
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெகபர் சாதிக், கூத்தாநல்லூர்.
வாடகைக்கு விட அறுவடை இயந்திரம் இரண்டு.
வயது ஐம்பத்தாறு. பி.எச்.பி. கற்றுக்கொள்ளத் தொடங்கி
ஐந்து வாரம்.
நான் மன்னார்குடியில் மருந்துக் கடைகளுக்கு
பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவள்.
யாரோ என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள்.

"என்ன பிழை வருது?"
"பிழையே வரலைம்மா. வெள்ளையா இருக்கு."

அந்த வெள்ளையை எனக்குத் தெரியும்.
ஐப்பசி அடைமழையில் வரப்பும் வாய்க்காலும்
ஒன்றாய்ப் போய்
எங்கே கால் வைப்பதென்று தெரியாத வெள்ளை.

பிழைகளைக் காட்டச் சொல்லி
முதல் வரியில் எழுதுங்கள் என்றேன்.
எழுதினார். கொட்டியது.
"முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?"
இல்லை பாய்.
முன்னாடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

நாற்பத்திரண்டாம் வரி என்றது அது.
நாற்பத்திரண்டை அவர்
ஒரு நாள் முழுக்கத் திருத்தினார்.
கரை உடைந்த இடம் ஒன்று,
தண்ணீர் தேங்கும் வயல் இன்னொருவருடையது.
இதை உங்கள் ஊர்க்காரருக்கு
நானா சொல்ல வேண்டும்?
ஒரு வரி மேலே போய்ப் பாருங்கள்.
நாற்பத்தொன்றின் கடைசியில்
அரைப்புள்ளி இல்லை.

"இம்புட்டுக்காண்டிதானா" என்றார்.
இம்புட்டுக்காண்டி நான்
எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன் என்று
சொல்லவில்லை.

தை பிறந்து அறுவடை சூடு பிடித்த பிறகு
இன்னொரு படம். இந்த முறை நேராக எடுத்திருந்தார்.
பெயர் என்ற பத்தி முழுக்க
கேள்விக்குறிகள்.
அட்டவணைக்குத் தமிழ் எழுத்து தெரியாது.
சுழித்ததையெல்லாம் அது
யாரிது, யாரிது என்று வாங்கி வைத்திருக்கிறது,
கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று,
மெய்யின் தலைப் புள்ளிக்குக்கூடத் தனியாக ஒன்று.

அட்டவணை போடும் நாளிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை. அது என் பிழை.

"திருப்பி எடுத்திடலாம்ல?"
புதிதாய் எழுதுவதைச் சரிசெய்யலாம், பாய்.
எழுதியது போனது போனதுதான்.
"நோட்டு இருக்கா?"
"அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு..."
மேலே நானும் கேட்கவில்லை.

இருநூற்றுப் பதினான்கு வரி.
ஏக்கர் தப்பியது, மணிக்கணக்கு தப்பியது,
போன் நம்பர்கள் தப்பின.
அவர் கைபேசியிலோ எல்லாரும்
வடுவூர் பார்ட்டி, கோட்டூர் பார்ட்டி ரெண்டு.
ஆகவே கூப்பிட்டார், ஒவ்வொருவராக:
"அண்ணே, போன வாரம் உங்க வயலை அறுத்தேனே,
நீங்க யாரு?"

சிரித்தவர்கள் உண்டு. வாடகையைத் திரும்பக் கேட்க
இதொரு தந்திரம் என்று வைத்தவர்கள் உண்டு.
நாலாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.
குறிகளை எண்ணுவது.
"மூணே மூணு, ஒன்றரை ஏக்கர். உமா டீச்சர்.
பதினொண்ணு, ஆலங்கோட்டை, சேத்துல பெல்ட் இறங்குன வயல்,
சிங்காரவேலு. சரியா?"
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
சரி.
எந்தப் புத்தகத்திலும் இல்லை இந்த முறை.

கடைசியில் ஒரு வரி நின்றுவிட்டது.
ஒன்பது குறி, அரை ஏக்கர்,
நம்பர் உபயோகத்தில் இல்லை.
அழித்துவிடுங்கள் என்றேன்;
ஆனால் பார்த்து,
'வேர்' போடாமல் டெலீட் கொடுத்தால்
வேரோடு எல்லாம் போய்விடும்.

ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது:
"அழிக்கலைம்மா.
அவரு வாடகையைக் கையோட குடுத்துட்டாரு.
அடுத்த தைக்கு வருவாரு.
வந்தா கேட்டுக்கிறேன்."